முகூர்த்தமும் வெளிச்சமும்

மண்டபம் பிடித்தாயிற்று. சமையலுக்குத் தவசிப்பிள்ளைக்கு அட்வான்ஸ் போயாயிற்று. போட்டோகாரரும் வீடியோகாரரும் தேதியைக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு எந்த வேலை எத்தனை மணிக்கு என்று கேட்டால் வீட்டில் ஒருவரிடமும் பதில் இருக்காது. பத்திரிகையில் அச்சாகியிருப்பது முகூர்த்த நேரம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். கல்யாணத்தன்று போட்டோகாரருக்கும் பெரியவர்களுக்கும் நடக்கிற வாக்குவாதம் அத்தனைக்கும் காரணம் இதுதான்.

அஞ்சுகிராமம் மாதிரியான ஊரில் இது இன்னும் சிக்கல். கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரம். எல்லை தாண்டினால் திருநெல்வேலிச் சீமை. மாப்பிள்ளை வீடு ராதாபுரம் பக்கம் இருக்கும், பெண் வீடு இங்கே இருக்கும். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் நாகர்கோவிலிலிருந்து வருவார், பூ தோவாளையிலிருந்து வரும். நாலு திசையிலிருந்து வருகிறவர்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட வேண்டுமென்றால், எழுதிவைத்த ஒரு தாள் வேண்டும்.

அந்தத் தாளை எழுதுவதற்கு முன்னால் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். படத்துக்காகச் சடங்கிலிருந்து நேரம் பிடுங்கக் கூடாது, பந்தியிலிருந்தும் கூடாது. சடங்கும் பந்தியும் இல்லாத நேரம் ஒவ்வொரு கல்யாண நாளிலும் இருக்கிறது. அதை முன்கூட்டியே கண்டுபிடித்துப் படத்துக்கு ஒதுக்குவதுதான் வேலை.

சூரியனை முதலில் கேளுங்கள்

முகூர்த்தம் குறித்ததும் அந்தத் தேதிக்குச் சூரிய உதயமும் அஸ்தமனமும் பாருங்கள். சென்னையைக் கணக்கிட்டு அச்சான நாட்காட்டி இதற்கு உதவாது. நவம்பர் கடைசியில் சென்னையில் மாலை 5.40க்கே அடைந்துவிடும் சூரியன் குமரியில் ஏறக்குறைய 6 மணி வரை நிற்கும். அதே குமரியில் தை பிற்பகுதியில் 6.25 ஆகும், வைகாசியில் 6.30ஐத் தாண்டும். கார்த்திகைக் கல்யாணத்துக்கும் வைகாசிக் கல்யாணத்துக்கும் மாலை வெளிச்சத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அண்ணன் கல்யாணத்துக்குப் போட்ட நேரத்தையே தங்கை கல்யாணத்துக்கும் போட்டால், வெளியே படமெடுக்கப் போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.

இந்த ஊருக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. அஞ்சுகிராமம் நிலநடுக்கோட்டுக்கு எட்டு பாகை வடக்கே இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் 10, 11 வாக்கில் ஒரு முறை, செப்டம்பர் 1ஐ ஒட்டி இன்னொரு முறை. அதாவது பங்குனிக் கடைசியும் ஆவணி நடுவும். இரண்டும் கல்யாணம் நெருக்கமாக வரும் காலம். உச்சிப்பொழுதும் இங்கே 12 மணிக்கு வருவதில்லை, 12.20 வாக்கில்தான் வருகிறது. அந்த நேரத்தில் மண்டப வாசலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தினால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், நெற்றிச்சுட்டியின் நிழல் புருவத்தில் விழும். எந்தக் கேமராவாலும் இதைச் சரிசெய்ய முடியாது. 11 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் படம் இல்லை என்று தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

தென்னந்தோப்பு நிழல்தானே என்று மதியம் அங்கே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கீற்று வழியே இறங்கும் வெயில் பட்டுச்சேலையிலும் முகத்திலும் புள்ளி புள்ளியாக விழும். அதைவிட மண்டபத்தின் வடக்குப் பக்க வராந்தா எவ்வளவோ மேல். வடக்கே திறந்த வராந்தாவுக்குள் மதிய வெயில் நேரடியாக அவ்வளவாக விழாது, வெளிச்சம் பரவலாக வரும். மண்டபம் பார்க்கப் போகும்போது எத்தனை பேர் உட்காரலாம், சமைக்கிற ஆக்குப்புரை எங்கே என்று கேட்பதோடு வடக்கு எந்தப் பக்கம் என்றும் பார்த்துவையுங்கள். மணமகள் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்பதும் முக்கியம். பல மண்டபங்களில் அது ஜன்னலே இல்லாத குழல்விளக்கு அறை. அப்படியானால் பெண்ணைத் தனியாக எடுக்க வேறு இடம் அன்றைக்கே பார்த்துவைக்க வேண்டும்.

தாலிகட்டிலிருந்து பின்னோக்கி

காலையிலிருந்து முன்னோக்கித் திட்டம் போடுவதுதான் எல்லோரும் செய்வது. 5 மணிக்கு எழுந்தால் 7 மணிக்குத் தயாராகிவிடலாம் என்பார்கள், 8.30 ஆனாலும் ஆகாது. தாலி கட்டும் நிமிடம் மட்டும் நகராது. ஆகவே அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

ஆவணி ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் 9.00–10.30 என்று வைத்துக்கொள்வோம். 9.45க்குத் தாலிகட்டு. பெண் மேடைக்கு வந்து, முகூர்த்தப் பட்டு வாங்கி, உள்ளே போய் உடுத்து வரும் வழக்கமுள்ள வீடானால் அந்தச் சேலை மாற்றத்துக்கு அரை மணி நேரம் வேண்டும். அதைப் பத்து நிமிடம் என்று எழுதாதீர்கள். மாலையைக் கழற்றி, ஊசியெல்லாம் எடுத்து, மடிப்பு வைத்து, ஒட்டியாணத்தைத் திரும்பப் பூட்டி வர அரை மணி நேரத்துக்குக் குறையாது. எனவே பெண் முதல் முறை மேடையேற வேண்டியது 8.50. பெண்ணைத் தனியாகவும் அப்பா அம்மாவோடும் கூடப்பிறந்தவர்களோடும் எடுக்க 8.00 முதல் 8.40 வரை. அதற்கு முன் அரை மணி நேரம் இட்லி சாப்பிட. இதை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடு மேடையேறிய பெண்ணின் களைப்பு, தாலி கட்டும் படத்தில் அப்படியே தெரியும். ஆக மேக்கப் 7.30க்கு முடிய வேண்டும். மேக்கப் ஆர்ட்டிஸ்ட் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டரை என்று எழுதுங்கள். இடையில் சித்தி வருவார், நகை மாற்றுவார்கள், பாட்டி திருநீறு பூச வருவார். அதெல்லாம் நடக்கத்தான் வேண்டும். அப்படியானால் தொடக்கம் 5 மணி.

பூவும் அந்த 5 மணிக்குள் வந்திருக்க வேண்டும். தோவாளைச் சந்தை விடியுமுன்னே கூடிவிடுவதால் அது முடியாத காரியம் அல்ல, போகிறவர் யார் என்று பெயர் குறித்துவைத்தால் போதும். மாலைக்குச் சொல்லும்போது பருமனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். கனமான ரோஜா மாலை பெண்ணின் கழுத்தை மறைத்துவிடும். அப்புறம் தாலி ஏறுவது கண்ணுக்கே தெரியாது. புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலை கட்டுகிற கைகளுக்கு, பருமன் இல்லாமல் நெருக்கமாகக் கட்டத் தெரியாதா என்ன!

போட்டோகாரர் 6.30க்கு வந்தால் போதும். முதல் ஒரு மணி நேரம் ஆளை எடுக்க வேண்டாம். தாம்பாளம், தாலி, மடிப்புக் கலையாத பட்டு, நகைப்பெட்டி, வாசல் கோலம், குலைவாழை, ஆக்குப்புரையில் அவியலுக்கு நறுக்கிக் குவித்த காய், உருளியில் கொதிக்கும் பிரதமன் என்று 7.30க்குள் எடுத்துவிட்டால், பிறகு இவை இதே கோலத்தில் கிடைக்காது. இரண்டாவது கேமராக்காரர் அதே நேரத்தில் மாப்பிள்ளை தங்கியிருக்கும் இடத்துக்குப் போகட்டும். மாப்பிள்ளைக்கு 40 நிமிடம் தாராளம்.

மூன்று முடிச்சு

நாள் முழுக்க எடுக்கும் ஆயிரக்கணக்கான படத்தில் கடைசிவரை வீட்டுச் சுவரில் தொங்கப்போவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். அதனால் இதற்கு மட்டும் தனியாக ஒரு பேச்சு வேண்டும். முந்தின நாள் மாலையே ஐயர் அல்லது குருக்கள், போட்டோகாரர், மேடையில் நிற்கப்போகும் பெரியவர் ஒருவர் என மூன்று பேரும் ஐந்து நிமிடம் நின்று பேசட்டும்.

நடப்பது இதுதான். கெட்டிமேளம் என்றதும் எல்லோரும் எழுந்து முன்னே வருவார்கள். அட்சதைக் கைகள் மேலே எழும், அதோடு இருபது செல்போனும் எழும். மாப்பிள்ளை எழுந்து குனிவார், அவர் தோள் பெண்ணின் முகத்தை மறைக்கும். பெண்ணும் தலை குனிந்திருப்பாள். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் கிடைப்பது ஒரு ஜடையும் ஒரு முதுகும்தான். கேமரா தரையோடு தரையாக, மேடைக்கு முன்னால் உட்கார்ந்த நிலையில், பெண்ணின் பக்கமாக இருக்க வேண்டும். கீழிருந்து பார்த்தால் குனிந்த முகம் நிமிர்ந்ததாகவே தெரியும். முடிச்சு விழுவது பின்கழுத்தில். அதற்கு இரண்டாவது கேமரா பெண்ணுக்குப் பின்னால், ஜடையைத் தூக்கிப் பிடித்திருக்கும் நாத்தனார் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பின்பக்க இடத்தை உறவுக்காரர் நிரப்பிவிடுவார்கள்; அதை ஒரு ஆளுக்கு மட்டும் ஒழித்துத் தருவதுதான் அந்த மேடைப் பெரியவரின் பொறுப்பு.

மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவசரம் வேண்டாம், முதல் முடிச்சைப் போட்டபின் ஒரு மூச்சு விடலாம். படத்துக்காகத் தாலியைக் கையில் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது. அது தேவையில்லை. அந்த நேரத்தில் அவர் பார்க்க வேண்டிய முகம் ஒன்றே ஒன்று. தாலி கட்டியபின் இன்னொரு தடவை கட்டுவது போலக் காட்டச் சொல்லும் போட்டோகாரரை மேடையிலேயே தடுத்துவிடுங்கள்.

வீடியோகாரரிடம் சொல்ல வேண்டியது ஒலியைப் பற்றி. குரவை, தவில், நாதஸ்வரம், பாட்டியின் அழுகை எல்லாவற்றையும் சினிமாப் பாட்டால் மூடிவிடாமல் அந்த ஐந்து நிமிட ஒலியை உள்ளபடியே தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் குரவையில் யார் யார் குரல் இருந்தது என்று தேடுவீர்கள்.

குடும்பப் படமும் பந்தியும்

தாலி கட்டி, மெட்டி போட்டு, அக்கினி வலம் வந்து முடிய 10.15 ஆகும். இந்த இடத்தில்தான் நாள் கெடும். வாழ்த்த வருகிறவர் வரிசை மேடையேறத் தொடங்கினால் குடும்பப் படத்துக்கு இடைவெளியே கிடைக்காது. ஒரு குழு மேடையேறி, கவர் கொடுத்து, நின்று, படமெடுத்து இறங்க அரை நிமிடம் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 120 குழு. ஆயிரம் பேர் வரும் கல்யாணத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே முதல் 20 நிமிடம் சொந்தத்துக்கு மட்டும் என்று மைக்கில் சொல்லிவிட்டு முடித்துவிடுங்கள்.

அந்த 20 நிமிடத்தில் யார் யார் என்பதை ஒரு வாரம் முன்பே எழுதுங்கள். வயதானவர் முதலில். எண்பது வயது ஆச்சியால் ஒரு முறைதான் மேடையேற முடியும்; அந்த ஒரு முறையிலேயே பேரன் பேத்தி எல்லோரும் சேர்ந்து நிற்கும் படம் எடுத்துவிட வேண்டும். அடுத்து தாய்மாமன் வகை, பிறகு பங்காளிகளான சொக்காரர், பிறகு மாப்பிள்ளை வீட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட போட்டோகாரரால் முடியாது. இரண்டு வீட்டு ஆட்களையும் முகம் தெரிந்த ஒரு மாமாவோ மைனியோ தாளோடு மேடையோரம் நிற்க வேண்டும். குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் இருந்தால் அதை அவரிடம் மட்டும் முன்னதாகச் சொல்லிவையுங்கள். ‘எங்க பெரியப்பாவ ஏன் கூப்பிடல்ல’ என்று பிறகு வருகிற வருத்தம் ஆல்பம் இருக்கிற காலம் வரைக்கும் இருக்கும்.

பந்திக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. இலையிலும் அந்தச் சுவடு இருக்கிறது. பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம் எல்லாம் கடந்து அடைப் பிரதமன், போளி, பால் பாயசம், மட்டிப்பழம் என்று போகும் சாப்பாட்டை இருபது நிமிடத்தில் முடிக்க முடியாது. ஒரு பந்திக்கு 40 நிமிடம் எழுதுங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் 12.30க்கு உட்காரட்டும். பெண் மாப்பிள்ளைக்கு ஊட்டும் படம் ஒன்றிரண்டு போதும், பிறகு கேமரா அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். முக்கியமான இன்னொன்று: போட்டோ, வீடியோ, லைட் பிடிக்கும் பையன் எல்லோருக்கும் அதே நேரத்தில் இலை போடச் சொல்லுங்கள். காலை 6.30க்கு வந்தவரைக் கடைசிப் பந்திக்கு நிறுத்துவது நாஞ்சில் நாட்டு மரியாதை அல்ல.

ராகுகாலம் உங்களுக்கு உதவும்

இதைப் படித்துச் சில பெரியவர்கள் புருவம் உயர்த்தலாம். ராகுகாலத்தில் நல்ல காரியம் எதுவும் வைப்பதில்லை என்பதால் அந்த ஒன்றரை மணி நேரம் சடங்குப் பட்டியலில் காலியாகவே இருக்கிறது. புறப்பாடும் இல்லை, வீடு புகுதலும் இல்லை. படம் எடுப்பது சடங்கல்ல. அதற்கு இந்த நேரத்தைக் கொடுங்கள். ஞாயிறன்று ராகுகாலம் மாலை 4.30 முதல் 6.00 வரை. குமரியில் நாளின் மிக அழகான வெளிச்சம் கிட்டத்தட்ட அதே நேரம்! திங்களன்று காலை 7.30–9.00, பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாக எடுக்கத் தோதானது. வெள்ளியன்று 10.30–12.00, முகூர்த்தம் முன்னதாக முடிந்திருந்தால் மேடைக் குடும்பப் படங்களுக்குச் சரியாக இருக்கும். அந்த நேரத்தில் வெளியே கிளம்பவே கூடாது என்று சொல்லும் வீடானால் ஞாயிறன்று 4.15க்கே இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். மறுவீட்டுப் பெரியவரிடம் முன்னதாகக் கேட்டுச் சம்மதம் வாங்குவது உங்கள் பொறுப்பு, போட்டோகாரரின் பொறுப்பல்ல.

நம் ஆவணி ஞாயிற்றுக்கிழமைக்கு இது இப்படி அமையும்: 3 மணிக்குள் மாப்பிள்ளை வீடு புகுந்து பால் பழம் சாப்பிட்டாயிற்று. ஒரு மணி நேரம் ஓய்வு. 4.45 முதல் 6.15 வரை வெளியே. சூரியன் அடைவது 6.28. 7 மணிக்கு ரிசப்ஷன்.

எங்கே போவது? வட்டக்கோட்டையை எல்லோரும் சொல்வார்கள். கருங்கல் மதிலும் கடலும் அருமைதான். ஆனால் அங்கே கடல் கிழக்கில். மாலையில் சூரியன் மலைப்பக்கம், முதுகுக்குப் பின்னால் போய்விடும். கடல்மேல் சூரியன் வேண்டுமானால் காலையில் போக வேண்டும், அது கல்யாண நாளில் நடக்காது. மேலும் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. ஸ்டாண்டும் விளக்கும் கொண்டுபோய் எடுக்க முன் அனுமதி வேண்டும், வாசலில் போய் நின்று கெஞ்சக் கூடாது. தை மாதமானால் சுசீந்திரம், தேரூர் பக்கம் கும்பப்பூ வயல் பச்சை நிற்கும், பின்னால் மலை. தேரூர்க் குளம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலத்தின் பகுதி. பறவை அடையும் நேரத்தில் அங்கே பட்டாசோ ட்ரோனோ வேண்டாம்.

ட்ரோன் பற்றி இன்னும் ஒன்று. கூடங்குளம் அணுமின் நிலையம் தொலைவில் இல்லை. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மண்டலம் பிரித்திருக்கிறார்கள். உங்கள் மண்டபம் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாத ஆபரேட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

காற்றைக் கணக்கில் எடுக்காதவர்களுக்கு இந்த ஊர் படம் தராது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வைகாசி தொடங்கி ஆவணி முடிய அடிக்கிற காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. வெட்டவெளியில் குடை விளக்கு வைத்தால் சாய்ந்துவிடும். முந்தானையைக் கூடுதலாக இரண்டு ஊசி குத்தி நிறுத்துங்கள், முடியைப் பிரித்து விடும் அலங்காரத்தை ரிசப்ஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு மறைவான சுவரோ பாறையோ உள்ள இடத்தை முதல் நாளே பார்த்துவையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைக்கு ஒரு மாற்றுத் தாள் கட்டாயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தை அடித்தது கார்த்திகை மாதத்தில்தான்; மரம் விழுந்து சாலை அடைத்து, பல நாள் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாளுக்குத் திட்டம் போட முடியாது. ஆனால் சாதாரண மழைக்குப் போட முடியும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, வராந்தாவில் தண்ணீர் சாரல் அடிக்குமா, பெண் காரிலிருந்து இறங்கும் இடத்துக்கு மேலே கூரை உண்டா? இந்த மூன்றையும் முந்தின நாள் பார்த்துவிடுங்கள்.

ஆலயக் கல்யாணம்

அழகப்பபுரம், மயிலாடி வட்டாரத்தில் ஆலயத்தில் நடக்கும் திருமணங்களும் நிறைய. 1809இல் ரிங்கல்தௌபே ஆலயம் எழுப்பிய மயிலாடி இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆலயத்தில் நேரம் உங்கள் கையில் இல்லை, பங்குத்தந்தையோ போதகரோ வைப்பதுதான் நேரம். பீடத்தை எவ்வளவு நெருங்கலாம், ஜெபத்தின்போது பிளாஷ் அடிக்கலாமா என்பதை ஓலை வாசிக்கக் கொடுக்கும்போதே கேட்டு, பதிலைப் போட்டோகாரரிடம் அப்படியே சொல்லுங்கள். மாலை 4 மணி ஆராதனை என்றால் வெளியே வர 5.15 ஆகிவிடும். ஐப்பசியில் வெளிச்சம் மீதி இருப்பது முக்கால் மணி நேரம். குடும்பப் படத்தை ஆலயப் படியிலேயே முதலில் முடியுங்கள். வெள்ளைப் பட்டு உச்சி வெயிலில் ஜரிகையோடு சேர்ந்து வெளிறிப்போகும். காலை 11 மணி ஆராதனையானால் வெளியில் நிற்காமல் ஆலய முகப்பின் நிழலுக்குள்ளேயே எடுங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்தை மறக்காதீர்கள். மணமக்களோடு சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்களும் வருகிற ஒரே படம் அதுதான்.

தாளை எழுதி முடித்ததும் நாலு நகல் எடுங்கள்: ஒன்று மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு, ஒன்று போட்டோகாரருக்கு, ஒன்று மேடையோரம் நிற்கும் மாமாவுக்கு, ஒன்று தவசிப்பிள்ளைக்கு. பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் கொடுக்காதீர்கள். அன்றைக்கு மணி பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. தாளில் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: இருவரையும் வெற்றுச் சுவருக்கு முன் தனித்தனியாக, மாலை இல்லாமல், பாஸ்போர்ட் அளவுக்கு ஒரு படம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ஒட்ட இதுதான் தேவைப்படும்.